911 டர்போவா, ஜிடி-ஆரா? பழைய கார் வாங்குவோர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ஷே 911 டர்போவையும் நிசான் ஜிடி-ஆரையும் ஒப்பிட்டுத் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை குதிரைத்திறன், உச்ச வேகம், நூறைத் தொடும் விநாடிகள் ஆகிய மூன்று எண்களோடு நின்றுவிட்டது. இந்தக் கார்களைப் பழையதாக வாங்க நினைப்பவருக்கு அந்த எண்களால் பெரிய உதவி இல்லை. 2006-இல் வந்த 997 தலைமுறை 911 டர்போ, 2007 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஆர்35 ஜிடி-ஆர் இரண்டுக்குமே தொடக்கத்தில் 480 குதிரைத்திறன்தான். 2008-இல் ஜிடி-ஆர் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியதாக நிசான் அறிவித்தது, போர்ஷே அதை ஏற்க மறுத்தது. அந்தச் சர்ச்சை எப்படி முடிந்தாலும் இன்று வாங்குபவருக்கு ஒன்றுமில்லை. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தக் கார் எந்த இடத்தில் பழுதாகும், அதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்பதைத்தான்.

முதலில் அமைப்பு. 911 டர்போவின் 3.6 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மேனுவல் காரின் எடை 1,585 கிலோ, வீல்பேஸ் 2,350 மில்லிமீட்டர். ஜிடி-ஆரின் 3.8 லிட்டர் வி6 முன்னால் இருக்கிறது, கியர்பாக்ஸ் மட்டும் பின்னால். இன்ஜினிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னால் போய், அங்கிருந்து இன்னொரு ஷாஃப்ட் முன் சக்கரங்களுக்குத் திரும்பி வருகிறது. எடை சுமார் 1,740 கிலோ, வீல்பேஸ் 2,780. இதன் பலனை ஓட்டும்போதே உணரலாம். ஜிடி-ஆர் வளைவில் தன் போக்கில் நிலையாகப் போகும். 911-இல் பின்பக்கம் கனம் என்பதால் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடக் கூடாது. சாமான் வைக்க ஜிடி-ஆரின் டிக்கி 315 லிட்டர், 911-இன் முன்பக்கப் பெட்டி 105 லிட்டர். பின் சீட் இரண்டிலும் பெயருக்குத்தான்.

இனி பழுதுகள். 997-இன் முதல் கட்ட டர்போவில் இருப்பது மெட்ஸ்கர் வகை இன்ஜின். 911-இன் சாதாரண வகையான கரேராவில் எல்லோரும் பயப்படும் ஐ.எம்.எஸ். (இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டு) பேரிங் தொல்லை இதில் கிடையாது. இந்த இன்ஜினின் பலவீனம் வேறு. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய்களைப் பிடிக்கும் அலுமினிய இணைப்புகள் சிலவற்றைத் தொழிற்சாலையில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, வருடங்கள் போகப் போக அந்தப் பசை இறுக்கம் இழக்கிறது. பிறகு ஒரு நாள் இணைப்பு மொத்தமாகக் கழன்று, கொதிக்கும் கூலன்ட் முழுவதும் சில விநாடிகளில் வெளியே கொட்டும். கொட்டும் இடம் பின் டயர்களுக்குப் பக்கம். வேகமாகப் போகும்போது இது நடந்தால் கார் வழுக்கிச் சுழலும். அதனால் இதைச் செலவு பிடிக்கும் பழுதாக மட்டும் நினைக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. பழைய பசையைச் சுரண்டிப் புதிதாக ஒட்டுவது தீர்வாகாது. இணைப்புகளை வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது துளையிட்டு உலோக ஊசி அடித்துப் பூட்ட வேண்டும். இரண்டுக்கும் இன்ஜினைக் கீழே இறக்கியாக வேண்டும். "பண்ணியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. பில்லையும், வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் கேளுங்கள். இல்லையென்றால் அந்த வேலைக்கான செலவைப் பேரத்தில் கழித்துவிடுங்கள். லிஃப்டில் ஏற்றியதும் இன்ஜினின் அடியில் டார்ச் அடித்து, குழாய் மூட்டுகளைச் சுற்றிக் கூலன்ட் காய்ந்து படிந்த வெளிறிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே டார்ச்சை முன் பம்பரின் இரு பக்கத் திறப்புகளுக்குள்ளும் அடியுங்கள். அங்கேதான் ரேடியேட்டர்களும் ஏ.சி. கண்டென்சர்களும் இருக்கின்றன. காய்ந்த இலையும் தூசியும் அங்கே சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தால் ஏ.சி. வேலைக்கும் பணம் ஒதுக்க வேண்டியதுதான். பின் ஸ்பாய்லரை பட்டனால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதை உயர்த்தும் ஹைட்ராலிக் ராம்கள் கசிவது வழக்கம். மேனுவல் காரில் கிளட்ச் பெடல் திடீரெனக் கனத்திருந்தால் கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் பாகங்களான ஸ்லேவ் சிலிண்டரையும் அக்யூமுலேட்டரையும் சந்தேகப்படுங்கள்.

மேனுவல் 911 வாங்குபவர் விடவே கூடாத சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் கணினியில் ஓவர்-ரெவ் பதிவு, அதாவது இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்ற கணக்கு, இருக்கும், ஆறு அடுக்குகளாக. முதல் இரண்டு அடுக்கில் எண்கள் இருந்தால் கவலை வேண்டாம், சுழற்சிக்கு வரம்பு போடும் ரெவ் லிமிட்டரைத் தொட்டாலே அவை ஏறும். நான்கு, ஐந்து, ஆறில் இருந்தால்தான் கேள்வி. ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்குப் போவதற்குப் பதில் கை தவறி இரண்டில் விழுந்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றிவிடும். லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. கடைசியாக அது நடந்தது இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் என்பதும் பதிவாகிறது. அதற்குப் பிறகு 300 மணி நேரம் நன்றாக ஓடியிருந்தால் இன்ஜின் தப்பித்துவிட்டது எனலாம். ஐந்து மணி நேரம்தான் ஆகிறது என்றால் அந்தக் கார் வேண்டாம். அதே பதிவில் உள்ள மொத்த மணியால் ஓடோமீட்டரின் கிலோமீட்டரை வகுத்துப் பாருங்கள். 60,000 கிலோமீட்டருக்கு 1,200 மணி என்றால் சராசரி 50, நம்பலாம். 3,000 மணி என்றால் சராசரி 20. வாழ்நாள் முழுக்க நெரிசலில் ஊர்ந்த காராக இருக்கும், இல்லாவிட்டால் மீட்டரில் கைவைத்திருப்பார்கள்.

ஜிடி-ஆரில் இன்ஜின் பெரும்பாலும் தொல்லை தராது. எல்லாக் கண்ணும் கியர்பாக்ஸ் மேல் இருக்கட்டும். ஆறு கியர், இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இன்னொன்று. உள்ளே உதிரும் உலோகத் துகள் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வில் சிக்கினால் ஒரு பக்கத்துக் கியர்கள் மொத்தமும் போய்விடும், கார் பாதிக் கியரோடு நிற்கும். ஆரம்பகாலக் கார்களில் நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கியர்பாக்ஸ் உடைந்ததும், பிறகு நிசான் அந்த மென்பொருளை மாற்றி வேகத்தை அடக்கியதும் பலருக்குத் தெரியும். இந்த கியர்பாக்ஸ் இயல்பிலேயே சத்தம் போடும். மெதுவாகப் போகும்போது வரும் மெல்லிய ஊளையும் 'டக்' ஒலியும் சகஜம். நியூட்ரலில் நிற்கும்போது டீசல் வண்டி போலக் கடகடவென்று கேட்டால்தான் கியர்பாக்ஸின் முன் உறையான பெல் ஹவுசிங்கில் உள்ள பேரிங் தேய்ந்திருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கும் முறையும் முக்கியம். இன்ஜின் முழுவதும் ஆறிய நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். இருபது நிமிடமாவது ஓட்டி, காரின் திரையில் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலை ஏறிய பிறகு முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மெதுவாக மாற்றுங்கள், சரிவில் ரிவர்ஸ் எடுங்கள். கிளட்ச் பிடிப்பதில் உதறல் இருந்தால் அப்போதுதான் தெரியும். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றப்பட்டது, எந்த ஆயில் என்ற விவரம் சர்வீஸ் புத்தகத்தில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஜிடி-ஆரில் இன்னொரு சிக்கல், டர்போ அழுத்தத்தை (பூஸ்ட்) ஏற்றி ஓட்டிவிட்டு விற்கும் முன் பழைய பாகங்களைத் திரும்ப மாட்டுவது. பத்து வருடப் பழைய இன்ஜினில் இன்டேக் குழாயின் கிளாம்ப்கள் மட்டும் பளபளத்தால், எக்ஸாஸ்ட் போல்ட் முனைகளில் ஸ்பானர் தடம் புதிதாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

டயர் இரண்டுக்கும் பொது. நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன்னும் பின்னும் வெவ்வேறு தயாரிப்போ பெரிய தேய்மான வித்தியாசமோ கூடாது. சக்கரங்கள் சுழலும் அளவு மாறினால் முன் சக்கரங்களுக்கு விசை அனுப்பும் கிளட்ச் தேவையில்லாமல் உழைத்துச் சூடாகும். ஜிடி-ஆரின் முன் டயர்கள் உள் ஓரத்தில்தான் முதலில் தேயும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. துளையிட்ட பிரேக் டிஸ்க்கில் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் இருக்கலாம். ஒரு வெடிப்பு அடுத்த துளையையோ ஓரத்தையோ தொட்டுவிட்டால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும்.

எங்கள் கணிப்பைக் கேட்டால், தினமும் எடுத்து நெடுநாள் வைத்திருக்க நினைப்பவருக்கு, கூலன்ட் இணைப்புகள் பூட்டப்பட்ட மேனுவல் 911 டர்போ. 100 கிலோமீட்டரை எட்ட மேனுவலுக்கு 3.9 விநாடி, டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக்குக்கு 3.7 என்று போர்ஷேயே சொன்னது; அந்த 0.2 விநாடிக்காக ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ரேஸ் தடத்தில் ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு ஜிடி-ஆர் கூடுதலாகத் துணை நிற்கும். அதிலும் 530 குதிரைத்திறனுக்கு உயர்த்தப்பட்ட 2011 மாடலோ அதற்குப் பிந்தையதோ பாருங்கள். தடத்தில் எடை கூடிய காருக்கு டயரும் பிரேக் பேடும் சீக்கிரம் தீரும் என்பதையும் முதல் மாதக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பக்க வாசகர்கள்