தட்டிப் பார்த்துக் கூலி கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு முகப்புச் சுவரில் செங்கல் ஓடு (செங்கல் போலத் தெரியும் மெல்லிய டைல்) பதிப்பது எங்கள் திருமங்கலம் பக்கம் இப்போது வழக்கமாகிவிட்டது. அழகுதான். ஆனால் பெயின்ட் அடித்த சுவரைக் கொத்தாமலே சிமென்ட் பாலைத் தடவி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். பெயின்ட் உரிந்தால் ஓடும் கூடவே வரும். எங்கள் தெருவில் ஐப்பசி மழையில் மாடியிலிருந்து இரண்டு விழுந்தன. நல்லவேளை, கீழே ஸ்கூட்டர்தான் நின்றது.

பெயின்டைச் சுரண்டி, பூச்சைக் கொத்திவிட்டு, வெளிச்சுவருக்கான டைல் பசையை ஓட்டின் முதுகு முழுக்கத் தடவ வேண்டும். மூலைக்கு ஓர் உருண்டை வைத்து அமுக்கினால் இடைவெளியில் தண்ணீர் இறங்கும். நன்றாகக் காய்ந்தபின் சாவியால் தட்டுங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் பொள்ளல் சத்தம் கேட்கும் ஓடுகளை மாற்றச் சொல்லுங்கள், அப்புறம் கூலியைக் கொடுக்கலாம்.

- ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி, திருமங்கலம்