‘இன் த மூட்’ மெட்டு யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த இதழில் ஸ்விங் இசை, அதாவது 1930-களில் அமெரிக்காவின் பெரிய குழுக்கள் வாசித்த ஜாஸ் நடன இசை, பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் பத்திரிகைகளில் இந்த இசையைப் பற்றி யார் எழுதுகிறார்கள்! மகிழ்ச்சிதான். ஆனால் ‘இன் த மூட்’ என்ற உருப்படி அமெரிக்கக் குழுத் தலைவர் கிளென் மில்லர் இயற்றியது என்று போட்டிருப்பது தவறு. 1939 ஆகஸ்ட் 1 அன்று அதைப் புகழ்பெற்ற இசைத்தட்டாகப் பதிவு செய்தவர் மில்லர். இயற்றியவராகத் தட்டில் அச்சானது ஜோ கார்லண்டின் பெயர்.

சரி, கார்லண்டின் சொந்த மெட்டா என்றால் அதுவும் முழுக்க இல்லை. அந்த முதல் மெட்டை ஒருமுறை முணுமுணுத்துப் பாருங்கள். நாலு நாலாக எண்ணும் தாளத்தின் மேல் மூன்று மூன்று சுரங்களாக உருண்டு போகும். கச்சேரி கேட்டுப் பழகிய காது இதை உடனே பிடித்துவிடும். இதே மெட்டை 1930-லேயே விங்கி மனோன் ‘டார் பேப்பர் ஸ்டாம்ப்’ என்ற தட்டில் டிரம்பெட்டில் வாசித்திருக்கிறார். நியூ ஆர்லியன்ஸ்காரர், சிறு வயதில் டிராம் விபத்தில் ஒரு கையை இழந்தவர். அடுத்த வருடமே ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவின் ‘ஹாட் அண்ட் ஆங்ஷியஸ்’ தட்டில் அது வந்துவிட்டது. தாளில் எழுதிப் பதிவு செய்யாத மெட்டைக் காதில் வாங்கியவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய நிலைமை.

அதற்காகக் கார்லண்டைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு துணுக்கை எடுத்து முழு உருப்படியாகக் கட்டியவர் அவர். 1938-ல் எட்கர் ஹேய்ஸ் குழு அதைப் பதிவு செய்தபோது அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவரும் அவரே. அப்புறம் இன்னொரு குழுத் தலைவரான ஆர்ட்டி ஷா அதை வானொலியில் வாசித்தார். ஆனால் அந்த வடிவம் ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்டது. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கொள்ளும். அதனால் அவர் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்.

மில்லரின் கைவண்ணம் இங்கேதான் தெரிகிறது. வேண்டாததை வெட்டினார், டெக்ஸ் பெனிக்கியும் ஆல் கிளிங்கும் மாறி மாறி வாசிக்கும் சாக்ஸபோன் போட்டியை வைத்துக்கொண்டார். கடைசியில் அதே மெட்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் சத்தம் இறங்கிக்கொண்டே போகும். எங்கள் வீட்டில் இது ரேடியோவில் வந்தபோது, நிலையம் விலகுகிறது என்று நினைத்து அப்பா குமிழைத் திருக எழுந்தார். அவர் கை படுவதற்குள் மொத்தக் குழுவும் ஓங்கி முழங்கியது. அப்பா குமிழைத் தொடாமல் அப்படியே நின்று கேட்டு முடித்தார். அந்த இடத்தை இப்போது கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

மில்லரின் புகழைக் குறைக்க இதை எழுதவில்லை. மனோன், கார்லண்ட் இருவர் பெயரும் விட்டுப்போனது மனதை உறுத்துகிறது. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட வேண்டுகிறேன். கூடவே மனோன், ஹெண்டர்சன், ஹேய்ஸ், மில்லர் ஆகிய நால்வரின் பதிவுகளையும் இதே வரிசையில் கேட்கும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
திருச்சி.