பரிசு கொடுப்பதற்கு முன் ஒருமுறை சரிவில் ஏறுங்கள்

புத்தாக்கப் போட்டி நடத்தும் பேராசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைக் கத்திரி, பறிக்கும் மிஷின், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் எல்லாம் பழுது பார்க்கிறேன். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

போன வருஷம் ஒரு கல்லூரிப் போட்டிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேட்டரியில் ஓடும் தேயிலை பறிக்கும் மிஷின் ஒன்றுக்கு முதல் பரிசு. பார்க்க அழகாக இருந்தது. பிள்ளைகள் ராப்பகலாக உழைத்திருந்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. நான் அதைத் தோளில் மாட்டிப் பார்த்தேன். பேட்டரி முழுக்க வலது இடுப்பில் தொங்கியது. சமதளத்தில் நிற்கும்போதே உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. “தோட்டத்துல யாராவது இதை மாட்டிப் பார்த்தாங்களா தம்பி?” என்று கேட்டேன். “இல்லண்ணா, லேப்ல மட்டும்தான்” என்றான் அந்தப் பையன், உண்மையாக.

அப்போது நடுவர் ஒருவர் எழுந்து, ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதை எடுத்துச் சொன்னார். தங்களுக்கு என்ன வேண்டும் என்பது நாம் காட்டும்வரை மக்களுக்கே தெரியாதாம். அதனால் போய்க் கேட்க வேண்டிய அவசியம் இல்லையாம். கை தட்டினார்கள். பேச்சு அத்தோடு முடிந்துபோனது. என் கேள்வி முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

ஜாப்ஸ் அப்படிச் சொன்னது நிஜம், 1998 பேட்டி ஒன்றில். ஆனால் அதற்கு முந்தைய வருஷம், ஆப்பிளுக்குத் திரும்பி வந்த புதிதில், மென்பொருள் எழுதுவோர் கூடிய மாநாட்டில் அவர் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து அவரை முகத்துக்கு நேரே குறை சொன்னார். ஜாப்ஸ் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னார். வாங்கிப் பயன்படுத்துகிறவரின் அனுபவத்திலிருந்து தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கித் தொழில்நுட்பத்துக்கு வர வேண்டும். தொழில்நுட்பத்தைச் செய்து வைத்துக்கொண்டு அதை எங்கே விற்கலாம் என்று தேடக் கூடாது என்றார். இந்தத் தப்பை அந்த அரங்கில் மற்ற எல்லாரையும்விட அதிகமாகத் தானே செய்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். எனக்கு அந்த மனுஷன்மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

இரண்டு பேச்சும் முரண் இல்லை. எங்கள் லைன் வீட்டு வரிசையில் இருக்கும் பெரியம்மாவிடம் போய் “என்ன மிஷின் வேணும்?” என்று கேட்டால் “நல்ல கத்திரி ஒண்ணு குடு” என்றுதான் சொல்வார். அதை வைத்துக்கொண்டு புதுசாக எதுவும் செய்துவிட முடியாது, சரி. ஆனால் அரை நாள் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். கத்திரியின் கைப்பிடியில் சைக்கிள் ட்யூபைக் கீறிச் சுற்றியிருப்பார். பனியில் நனைந்த கை வழுக்காமல் இருக்க அது. இலை விழும் தட்டின் ஓரத்தைக் கல்லில் தட்டி மேலே மடக்கிவிட்டிருப்பார். சரிவில் பக்கவாட்டாக நின்று வெட்டும்போது கொழுந்து கீழே கொட்டாமல் இருக்க அது. அவர் வாயால் கேட்காத இரண்டு திருத்தங்களும் அவர் கத்திரியிலேயே இருக்கின்றன. என் பட்டறைக்கு வரும் கத்திரிகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. பார்க்கத் தெரிந்தால் அதுதான் உங்கள் பாடப்புத்தகம்.

ஒரு பொருளின் தோற்றம் மட்டும் வடிவமைப்பு ஆகிவிடாது, அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் வடிவமைப்பு என்றும் ஜாப்ஸ் சொல்லியிருக்கிறார். நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. அடிவாரத்துக் கல்லாறு தாண்டியதும் ஏறக்குறைய 12 அடி போவதற்குள் ஒரு அடி உயர்கிற ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று இருந்தால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் இரண்டு சட்டங்களை ஒட்டினாற்போல் போட்டார், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருகிற மாதிரி. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்து ஏறும்; ஒரு பல் விலகும் நேரத்தில் இன்னொரு பல் பிடித்திருக்கும். பல்சட்ட ரயில் அவருக்கு முன்னமே இருந்ததுதான். ரிக்கன்பாக் என்ற பொறியாளர் செய்த ஏணி மாதிரிச் சட்டத்தை, அந்த ரிக்கன்பாக்கிடமே வேலை பார்த்தபோது அருகிருந்து கண்டவர் ஆப்ட். ஏற்கெனவே இருக்கும் விஷயங்களை இணைப்பதுதான் படைப்பாற்றல் என்று ஜாப்ஸ் சொன்னதும் இதைத்தான். குன்னூர் ஸ்டேஷனில் எஞ்சினுக்கு அடியில் குனிந்து பார்த்தால் அந்தப் பற்சக்கரம் தெரியும். மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. அலமாரியின் பின்பலகையையும், யாரும் பார்க்காவிட்டாலும், ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஜாப்ஸுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அப்பா. எங்கள் கத்திரிகளின் அடிப்பக்கத்தில் போல்ட் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் வாங்கும்போது யார் கண்ணிலும் படாது. அங்கேதான் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு மாட்டிக் கிழியும், விரல் கீறும். அம்மாவின் இடது கை நடுவிரலில் அந்தத் தழும்பு இருந்தது. பட்டறைக்கு எந்தக் கத்திரி வந்தாலும் முதல் வேலையாக அந்த முனைகளை அரம் போட்டு மழுக்கிவிடுகிறேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

அதனால் அடுத்த போட்டிக்கு உங்களிடம் கேட்பது இதுதான். நடுவர் மேஜையில் இரண்டு நாற்காலியைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கொடுங்கள். நன்றியுரையில் பேர் சொல்லிச் சால்வை போர்த்தி அனுப்ப வேண்டாம், மதிப்பெண் தாளை அவர்கள் கையில் கொடுங்கள். அன்றைய கூலியையும் கொடுங்கள், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தானே வருகிறார்கள். கடைசிச் சுற்றைத் தோட்டத்திலேயே வையுங்கள். எந்தக் குழு எதைச் செய்திருந்தாலும், செய்தவர்கள் முதலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு வெட்டட்டும். அப்புறம் அந்தப் பெண்கள் வெட்டட்டும். வெட்டிய இலையைக் கொட்டிக் கொழுந்து எவ்வளவு, முற்றலும் காம்பும் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஃபேக்டரியில் விலையைக் குறைப்பது அந்த முற்றல்தான்.

எங்கள் பட்டறைக்குப் பின்னாலேயே சிறு விவசாயி ஒருவரின் சரிவான தோட்டம் இருக்கிறது, இடம் தரச் சம்மதித்திருக்கிறார். காட்டுமாடு இறங்கும் பக்கம், அதனால் காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு தொடங்குவோம். பிள்ளைகளை ரப்பர் பூட்ஸ் போட்டு வரச் சொல்லுங்கள். பழைய கத்திரிகள் பத்துப் பன்னிரண்டு எடுத்து வைக்கிறேன், ட்யூப் சுற்றியபடியே.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பட்டறைக்காரன்