ரயில் வராமலே கேட் விழுந்தால் அது பழுதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரயில்வே கேட் ஆர்வலர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் கோபம். ரயிலைப் பார்க்க நிற்பவர்களையாவது புரிந்துகொள்ளலாம், கேட்டைப் பார்க்க நிற்பவர்களை என்ன செய்வது என்ற கிண்டல் எனக்கு வீட்டிலேயே பழகிவிட்டது. அதை விடுங்கள். ரயிலே வராமல் கால் மணி நேரம் தடுப்பு விழுந்து கிடந்த ஒரு தானியங்கி கேட்டைக் காட்டி, பாதுகாப்புக் கருவிகளின் லட்சணம் இவ்வளவுதான் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டாரே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அவர் பார்த்தது கருவி தன் வேலையைச் செய்துகொண்டிருந்த காட்சியாகத்தான் இருக்க வேண்டும். பல தானியங்கி கேட்களில் தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளிலும் மெல்லிய மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மறுமுனையில் அது ஒரு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்சைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்ததும் சக்கரங்களும் அச்சும் இரண்டு கம்பிகளையும் இணைத்துவிடுவதால் மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் திரும்பிவிடும். பிடி விட்டதும் ரிலே விழும், மணி அடிக்கும், விளக்கு மின்னும். வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இதில் அழகு என்னவென்றால், தண்டவாளம் விரிசல் விட்டு உடைந்தாலும், ஒயர் அறுந்தாலும், மின்சாரமே நின்றாலும் அதே ரிலே அதேபோல் விழும். சந்தேகம் வந்தால் ரயில் வருகிறது என்றே வைத்துக்கொள்ளும் கருவி. தடுப்புக் கம்பமும் பல இடங்களில் அப்படித்தான்: மேலே நிற்கத்தான் மின்சாரம் வேண்டும், கீழே வர அதன் எடையே போதும்.

நாங்கள் பயப்படுவது இதற்கு நேர் எதிரான கோளாறுக்கு. ரயில் வந்தும் கேட் விழாமல் இருப்பது. எப்போதாவது ஒரு ரயில் போகும் பாதையில் தண்டவாளத்தின் மேல்பக்கம் துருப்பிடித்துவிடும். சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே அந்தத் துரு திரைபோல் நின்றால் மின்சாரம் குறுக்கே பாயாது. ரயில் இருப்பதே ரிலேக்குத் தெரியாது. அதனால்தான் ஒரு கேட்டுக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது விளக்கை அல்ல, தண்டவாளத்தின் தலையை. கண்ணாடிபோல் பளபளத்தால் நிம்மதி. செம்பட்டையாக இருந்தால், துரு இருந்தாலும் ஏமாறாத, சக்கரங்களை எண்ணும் கருவி பக்கத்தில் பொருத்தியிருக்கிறார்களா என்று தேடுவேன். இதைத்தான் பொழுதுபோகாத வேலை என்கிறார்கள்.

ஆனாலும் கட்டுரையாளரின் எரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காத்திருப்பு நீண்டால் கேட்டின் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். ரயில் எவ்வளவு தூரத்தில் வரும்போது மணி அடிக்க வேண்டும் என்பதை வேகமான ரயிலைக் கணக்கிட்டு வைத்திருந்தால், ஊர்ந்து வரும் கூட்ஸ் வண்டிக்கு நிமிடக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். பாதிச் சாலையை மட்டும் மறைக்கும் தடுப்பாக இருந்தால் யாராவது ஒருவர் வளைந்து நெளிந்து புகுந்துவிடுவார். வரும் ரயிலின் வேகத்தை அளந்து மணியைத் தொடங்கும் கருவிகள் அதற்காகவே வந்தன. அமெரிக்க விதிப்படி ரயில் வருவதற்குக் குறைந்தது 20 விநாடி முன்னால் எச்சரிக்கை தொடங்க வேண்டும்.

20 விநாடி காருக்குப் போதும். எல்லா வண்டிக்கும் போதாது. 1968 ஜனவரி 6 அன்று இங்கிலாந்தின் ஹிக்ஸன் கேட்டை, 120 டன் மின்மாற்றியைச் சுமந்த நீண்ட வண்டி ஒன்று நடை வேகத்துக்கும் குறைவாகக் கடந்துகொண்டிருந்தது. அங்கே மணி அடித்ததிலிருந்து ரயில் வர 24 விநாடிதான். ரயில் அந்த வண்டியில் மோதி 11 பேர் இறந்தார்கள். கருவியில் கோளாறே இல்லை. சிக்னல்காரரைக் கூப்பிடக் கேட்டில் தொலைபேசி இருந்தது. கடப்பதற்கு முன் யாரும் எடுத்துப் பேசவில்லை. நீளமான, மெதுவான வண்டிகள் பேசிவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்ற அறிவிப்பு பளிச்சென்று தெரியும்படி வைக்கப்பட்டது அதன் பிறகுதான்.

மாறி மாறி மின்னும் இரட்டைச் சிவப்பு விளக்குக்கும் ஒரு முன்கதை உண்டு. கலிபோர்னியாவில் ஆல்பர்ட் ஹன்ட் என்ற பொறியாளர் 1909-இல் ஊசல்போல் ஆடும் சிவப்பு விளக்கை உருவாக்கினார். கேட் காவலர் கையில் லாந்தரைப் பிடித்து ஆட்டும் அசைவு அது. இன்றைய இரட்டை விளக்கை உற்றுப் பாருங்கள், அந்தக் கை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். ஜப்பானில் ரயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அம்புக்குறி எரிந்து காட்டும். முதல் ரயில் போனதும் குனிந்து நுழையத் தயாராகும் ஆளுக்கு, எதிர்ப் பக்கத்து அம்பு இன்னும் எரிவது உயிர் காக்கும் செய்தி.

எங்கள் ஆட்களில் சிலர் வீடியோவுக்காக வேலிக்கு உள்ளே போய் நிற்கிறார்கள். அவர்களை நீங்கள் திட்டியது சரி. இன்னும் கூடத் திட்டியிருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். கேட் விபத்து என்றால் ஓட்டுநரின் அவசரம் அல்லது கேட் பழுது என்று இரண்டே காரணத்தில் செய்தியை முடிக்காதீர்கள். ஆள் உள்ள கேட்டா, தானியங்கியா? கேட் பூட்டினால்தான் கைகாட்டி இறங்கும்படி சிக்னலோடு பிணைத்திருந்ததா, வெறும் தொலைபேசிப் பேச்சை நம்பி நடந்ததா? தடுப்பு பாதியா, முழுதா? இவற்றை எழுத நான்கு வரி போதும். உள்ளே சிக்கிக்கொண்டால் தடுப்பை இடித்துக்கொண்டே வெளியேறுங்கள் என்பது அமெரிக்காவில் ஆப்பரேஷன் லைஃப்சேவர் அமைப்பின் அறிவுரை. வண்டியில் கீறல் விழுமே என்று தயங்குபவருக்கு அதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். விழுந்து கிடக்கும் தடுப்புக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு சின்னப் பலகை தெரிகிறது, கேட்டின் எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும் எழுதியது. கால் மணி நேரம் ஹாரன் அடித்தவர்களில் ஒருவராவது அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாரா என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கேட்டில் நிற்கும் வாசகர் ஒருவர்