ஏலகிரி வௌவாலையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் பறவைக் கணக்கெடுப்பு பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். விடியற்காலையில் ஏரி ஏரியாகப் போய்க் கொக்கு, நாரை, முக்குளிப்பான் எல்லாம் எண்ணியதைப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. யானைக்குக் கணக்கு இருக்கிறது. வரையாட்டுக்கு 2024-இல் தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் எண்ணி, 1,031 என்று சொல்லிவிட்டார்கள். சரி, பொழுது சாய்ந்த பிறகு பறக்கிறதே, அதை யார் எண்ணுவது?

நான் ஜோலார்பேட்டைக்காரன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பேர் மாற்றிவிட்டார்கள். மாவட்டம் எது என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கை ஒரு நிமிடம் நிற்கும். 1989 வரை வட ஆற்காடு, அப்புறம் வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர், 2019-இலிருந்து திருப்பத்தூர். இதை வீணுக்குச் சொல்லவில்லை, பின்னால் வருகிறேன்.

மாதம் ஒரு தடவையாவது ஏலகிரி மலைக்குப் போய்விடுவேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பேரோ வள்ளல் பேரோ. மேலே இயற்கைப் பூங்காவும் புங்கனூர் ஏரியும் இருக்கின்றன. கூட்டம் அங்கேதான். அதைத் தாண்டி நடந்தால் ஒரு பெரிய புளியமரம் நிற்கிறது. பகலில் பார்த்தால் கிளையெல்லாம் கறுப்புத் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். பழந்தின்னி வௌவால். இறக்கையை விரித்தால் நாலு அடி வரும்.

கல்லூரியில் விலங்கியல் படிக்கிற பேத்தி லீவுக்கு வந்தபோது, "தாத்தா, இதை எண்ணிப் பாக்கலாமா?" என்றாள். எனக்கு என்ன கஷ்டம்? ஐம்பத்தெட்டு வேகன் கூட்ஸ் வண்டி ஓடும்போதே பத்துக்கு ஒரு விரல் மடக்கி எண்ணிப் பழகிய கை. மேற்கு வானம் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்கப் போனேன். அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். வெளிச்சமான வானத்தைப் பார்த்து நின்றால்தான் கறுப்பு உருவம் தெரியும்.

ஆறரை மணிக்கு மேல் ஒன்று கிளம்பியது. அப்புறம் நாலு, அப்புறம் மளமளவென்று. கால் மணி நேரத்தில் என் பத்து விரலும் பல சுற்று போய்விட்டது. கடைசியில் இரண்டு பேர் கணக்கையும் ஒப்பிட்டால் முப்பதுக்கு மேல் வித்தியாசம், என்னுடையதுதான் கூடுதல். "நீங்க திரும்பி வர்றதையும் சேர்த்து எண்றீங்க தாத்தா" என்றாள். உண்மைதான். கிளம்பிய கையோடு போய்விடாமல், சில வௌவால்கள் மரத்தைச் சுற்றி வட்டம் அடித்துவிட்டுத்தான் போகின்றன. கூட்ஸ் வண்டி அப்படிச் செய்ததில்லை! அதனால் இப்போது மரத்துக்கு மூன்று பக்கமும் ஒவ்வொருவர் நிற்கிறோம். தன் பக்கம் தாண்டிப் போனது கூட்டல், திரும்பி வந்தது கழித்தல். டார்ச் அடிக்கவே கூடாது.

ஆனால் இந்த முறை பழந்தின்னிக்கு மட்டும்தான் சரிப்படும். வீட்டு ஓட்டு இடுக்கிலும் கோபுர மாடத்திலும் இருக்கிற சின்ன வௌவால் கதை வேறு. அது பூச்சி பிடிப்பது சத்தத்தை வைத்து. 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே கத்துவதால் நம் காதுக்கு எட்டாது. அந்தச் சத்தத்தை இறக்கிக் கொடுக்கிற கருவி வேண்டும். பேத்தி கல்லூரியிலிருந்து ஒரு தடவை வாங்கி வந்தாள். ஏரிக்கரையில் பிடித்தபோது டிக் டிக் என்று தட்டியது, பூச்சியை நெருங்க நெருங்க வேகம் கூடி டர்ர்ர் என்று முடிந்தது. கேட்டுப் புல்லரித்துப் போனேன். ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரே வௌவால் பத்து முறை தலைக்கு மேல் போனால் கருவி பத்து என்றுதான் சொல்லும். எத்தனை உருப்படி என்று அதில் தெரியாது, எந்த இடத்தில் நடமாட்டம் அதிகம் என்றுதான் தெரியும். பழந்தின்னியோ அதில் அகப்படவே அகப்படாது. அது பெரிய கண்ணை நம்பிப் பறக்கிற பிராணி. வௌவாலுக்குக் கண் தெரியாது என்று இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

வலை கட்டிப் பிடிப்பது நம் வேலை இல்லை. அதற்கு வனத்துறை அனுமதி, கையுறை, ரேபிஸ் தடுப்பூசி, பழகிய ஆள் எல்லாம் வேண்டும்.

எண்ணி என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு: பழந்தின்னிக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. கூட்டம் குறைந்தால் எலி மாதிரி சட்டென்று பெருகி வராது. எங்கள் பாட்டி காலத்தில் விடிந்ததும் இலுப்பை மரத்தடிக்குக் கூடையோடு போவார்களாம். வௌவால் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கும், உரிக்கிற வேலை மிச்சம். அதை ஆட்டித்தான் கோயில் விளக்குக்கு எண்ணெய். இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதும் இந்த வௌவால்தான். இவ்வளவு செய்ததற்கு 1972 வனவிலங்குச் சட்டம் பழந்தின்னியைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தொல்லைப் பிராணிப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது.

பயமும் இருக்கிறது, மறுக்கவில்லை. 2018-இல் கோழிக்கோட்டில், பழந்தின்னியிடமிருந்து பரவும் நிபா காய்ச்சல் வந்த பிறகு எங்கள் தெருவிலேயே மரத்தை வெட்டச் சொன்னவர்கள் உண்டு. கடித்துப் போட்ட பழத்தைத் தொடாதே, வௌவாலைக் கையில் பிடிக்காதே என்றால் நியாயம். மரத்தை வெட்டினால் அது தொலைந்தா போகும்? அடுத்த தெரு மரத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

வெட்டாமலே விரட்டுவதும் நடக்கிறது. போன கோடையில் அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்து மரங்கள் முழுக்கச் சீரியல் பல்பு சுற்றியிருந்தார்கள். குட்டியைச் சுமந்து திரிகிற காலம் அது. ஒரு பக்கக் கிளை காலியாகிவிட்டது. யாரிடம் சொல்வது? ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால், "கரடியை எண்ணவே ஆள் இல்லை, வௌவாலா?" என்றார்கள். வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து போன கதைதான்: நீயும் தொங்கு, நானும் தொங்குகிறேன். முன்பு எத்தனை இருந்தது என்று காட்ட என்னிடமும் காகிதம் இல்லை. அன்றிலிருந்துதான் நோட்டுப் போட்டேன்.

மாவட்டக் கதைக்கு வருகிறேன். ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்றிலும் கிடக்கிறது. ஆளுக்கொரு நாள் எண்ணினால், இன்று வேலூர்ப் பக்கம் அமிர்தி அடிவாரத்தில் எண்ணியதையே நாளை இன்னொரு சரிவில் எண்ணுவோம். ஓர் இரவில் பல மைல் போய் வருகிற பிராணி இது. மூன்று மாவட்டமும் சேர்ந்து, ஜவ்வாதிலும் ஏலகிரியிலும் ஒரே மாலையில், தெரிந்த மரங்களின் அடியில் ஆள் நிறுத்தி எண்ண வேண்டும். பறவைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளே போதும். பின்னர் ஒப்பிட வசதியாக, அடுத்த வருஷமும் அதே மாதம், அதே பிறைநாளில் செய்யலாம். முதல் வருஷக் கணக்கு தப்பாகத்தான் வரும், எனக்கு வந்த மாதிரி.

வாசகர்கள் தங்கள் ஊரில் வௌவால் தொங்கும் மரம் எங்கே இருக்கிறது என்று ஒரு தபால் அட்டையில் எழுதச் சொல்லி உங்கள் இதழில் இரண்டு வரி போடுங்கள். என் நோட்டின் நகலும் அனுப்புகிறேன். ஐப்பசி மாதத்துப் பக்கம் மட்டும் மழையில் நனைந்து மை ஊறியிருக்கிறது, எண்களைப் பேத்தியிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு,
ஜோலார்பேட்டை