புற்றுநோய்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அன்டிபயோடிக் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மஹரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று, தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு)த் திரும்பும் பிள்ளைகள் எல்லாருக்கும் காய்ச்சல் வருமுன்னே அன்டிபயோடிக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று மஸ்கெலியா வாசகர் கடந்த வாரம் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரி தூரம், ராத்திரியில் வாகனம் கிடையாது. அவருடைய பயம் நியாயம்தான். ஆனாலும் அந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை.

கீமோதெரபிக்குப் பிறகு நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் சரியும். அவை ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் 500க்குக் கீழே போய் ஒரு வாரத்துக்கு மேல் ஏறாமலே கிடந்தால், குடலில் சும்மா இருந்த கிருமிகூட இரத்தத்தில் இறங்கிவிடும். எல்லாப் பிள்ளைக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. அமெரிக்கா, கனடா ஆஸ்பத்திரிகளில் லிவோஃப்லொக்சசின் என்ற அன்டிபயோடிக்கை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. மைலோயிட் வகை இரத்தப் புற்றுநோய் உள்ள பிள்ளைகளிலும், லிம்போபிளாஸ்டிக் வகை திரும்பவும் வந்தவர்களிலும் இரத்தத்தில் கிருமி தொற்றியது நூற்றுக்கு 43 பேரிலிருந்து 22 பேராகக் குறைந்தது. பெரிய பலன்தான், மறுக்கவில்லை. 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டலும் இந்தப் பிள்ளைகளுக்கு, அதுவும் அணுக்கள் மிகக் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும், கொடுப்பதை யோசிக்கச் சொல்கிறது. அணுக்கள் அவ்வளவு விழாத சிகிச்சைக்கு வேண்டாம் என்கிறது. எல்லாருக்கும் வாரிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். அப்புறம் நிஜமாகவே தொற்று வரும்போது கையில் மருந்து இருக்காது.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுக்கச் சொல்லும் கோட்ரைமொக்சசோல் விஷயம் வேறு. அதுவும் அன்டிபயோடிக்தான். நியூமோசிஸ்டிஸ் என்ற கடும் நியூமோனியா வராமல் தடுக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள். "புள்ள நல்லாத்தானே வெளயாடுது" என்று தாய்மார் நிறுத்திவிடுவதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். டொக்டர் சொல்லாமல் அதை நிறுத்தவே கூடாது.

தடுப்பு மாத்திரை போட்ட பிள்ளைக்கும் காய்ச்சல் வரும். உடம்புச் சூடு 38 பாகை செல்சியஸுக்கு வந்தால் அது அவசரம். பனடோல் கொடுத்து, விடியட்டும் பார்ப்போம் என்று படுக்க வைப்பதுதான் நம் தோட்டங்களில் நடக்கும் பெரிய தவறு. பனடோல் சூட்டை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்த நாளம் வழியாக முதல் அன்டிபயோடிக் ஏற வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு. வீட்டுக்கு அனுப்பும்போது தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள்: என்ன நோய், கடைசி கீமோ எப்போது, எத்தனை பாகையில் புறப்பட வேண்டும், வார்டு தொலைபேசி இலக்கம். அதோடு ஒரு தெர்மோமீட்டர். தாளின் பிரதி ஒன்று தோட்ட டிஸ்பென்சரியிலும் இருக்கட்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸ் ஏறி வர முடியாத தோட்டப் பிரிவுகளில் ராத்திரி எந்த வாகனம், யார் சாரதி என்பதைத் தோட்ட நிர்வாகம் முன்கூட்டியே அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
ஹட்டன்.