இரணியல் ரயில் நிலையத்தின் பழைய பதிவேடுகளையும் பொருட்களையும் பாதுகாக்கக் கோரிக்கை

அனுப்புநர்:
இரணியல் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, திருவனந்தபுரம் கோட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இரட்டைப் பாதைப் பணியால் எங்கள் பக்கத்து நிலையங்களின் முகமே மாறி வருகிறது. இரட்டைப் பாதை கேட்டவர்களே நாங்கள்தான். அதில் ஆட்சேபம் இல்லை. பழைய கட்டடத்தைக் காலி செய்யும்போது உள்ளே இருப்பவை காயலான் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்த மனு.

திருவனந்தபுரத்துக்கு 1918-லேயே ரயில் வந்துவிட்டது. நாங்களும் அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தோம்; ஆனாலும் எங்கள் பக்கம் தண்டவாளம் நீளவில்லை. 1956-ல் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், ரயில் ஏறுவதற்கே திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. 1972-ல் பிரதமர் இந்திரா காந்தி இந்தப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரலில்தான் ரயில் ஓடியது. மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதையையே பார்க்காமல் நேராக அகலப்பாதை கண்ட மாவட்டம் இது. மரச்சீனி (மரவள்ளி) விளையையும் தென்னந்தோப்பையும் பாதைக்குக் கொடுத்தவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால் உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாதை திறந்தபோது திருவனந்தபுரம் கோட்டமே கிடையாது. மதுரைக் கோட்டத்திலிருந்து பிரிந்து தங்கள் கோட்டம் உருவானது 1979 அக்டோபர் 2-ல். ஆகவே நில எடுப்பு வரைபடம், நிலையத் திறப்புக் கோப்பு போன்றவை மதுரையில் இருக்க வாய்ப்புண்டு. பொதுமக்கள் போய்க் கேட்டால் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று அலைய வேண்டிவரும். தங்கள் அலுவலகமே மதுரைக்கு எழுதி நகல் பெற வேண்டுகிறோம்.

அப்புறம், பொருட்கள். அட்டை டிக்கெட்டைச் செருகி இழுத்தால் 'டக்'கென்று தேதி பதியும் அந்த இரும்பு இயந்திரம், பழைய பெயர்ப் பலகை, நிலையப் பதிவேடுகள் ஆகியவற்றில் மிஞ்சியிருப்பவற்றைப் பயணிகள் காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்தால் போதும். தனி அருங்காட்சியகமெல்லாம் நாங்கள் கேட்கவில்லை.

கட்டடத்தைக் காலி செய்யும் முன் பொறுப்பான அலுவலர் ஒருவரை அனுப்பி, ஊரார் முன்னிலையில் பட்டியல் எடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். எங்கள் வீடுகளில் உள்ள பழைய புகைப்படங்களை அன்று கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
இரணியல் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்